அறுபத்தோரு தடவை அசைந்த மூடி

இரவு பதினொன்று நாற்பது. காரமடையிலிருந்து மேற்கே தோட்டங்களுக்கு நடுவில் போகிற சாலை. விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் சோளக்காடு... நடுவில் ஒரே ஒரு மொபெட். ஓட்டுகிறவன் பெயர் தல்ஹா. சட்டைப் பையில் நான்காக மடித்த கம்ப்யூட்டர் தாள். அவன் பயந்துகொண்டு போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கோபத்தோடு போகிறான். இந்தக் கதையில் பயப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

தேஜா, மெழுகுவத்தியைக் கொஞ்சம் இப்படி நகர்த்து. வால்பாறையில் மழை பிடித்துக் கரண்ட் போனால் இனி விடிந்த பிறகுதான். ஐந்து பேரும் ஒரே ஜமுக்காளத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறோம், தூக்கமும் வராது. பேய்க் கதை கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு இந்தக் கதையை நினைத்தாலே பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வரும். இன்று பஸ்ஸில் ஹாரிகா என்ன சொன்னாள்? "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்த எச்சரிக்கை தொணதொணன்னு கத்துதுங்க, நிறுத்திப்போட்டேன்" என்றாள். அப்போதே இதைச் சொல்லத் தோன்றியது.

தல்ஹா என் தோழி சித்திகாவின் அண்ணன். கோயமுத்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மில்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவன். வயது முப்பத்து நான்கு. அதிகம் பேசாத ஆள். இது நடந்தது தொண்ணூற்றேழில். அவன் சித்திகாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சித்திகா என்னிடம் சொன்னாள். மில்லின் பெயர் வேண்டாம். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நூல் மில்லுக்குள் நீங்கள் யாரும் போனதில்லை. தரைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு சுரங்கம் போகும். மேலே மெஷின்கள் ஓடும்போது காற்று அதற்குள் இழுக்கப்படும், காற்றோடு பஞ்சுத் தூசியும் போய்ப் படியும். ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும்போது யாராவது விளக்குமாறோடு உள்ளே இறங்கிக் கூட்டுவார்கள். இறங்க ஒரே ஒரு வழி, மேலே இரும்பு மூடி. காற்றை இழுக்கிற ஃபேன் சுரங்கத்தின் மறுகோடியில். அதுவும் ஆள் உயரம். உள்ளே ஆள் இருக்கும்போது அதைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை.

அதனால் தல்ஹா ஒரு வேலை செய்திருந்தான். மூடிக்குக் கீழே ஒரு சுவிட்ச். மூடி நூலளவு அசைந்தாலும் மில்லின் டேட்டாபேஸில் மணியோடு ஒரு வரி விழும். வரி விழுந்ததும் டேட்டாபேஸ் தகவல் அனுப்பும். எல்லோருக்கும் அனுப்பாது. 'இப்படி ஒன்று நடந்தால் எனக்குச் சொல்' என்று முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அப்படிப் பெயர் கொடுத்திருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஃபேன் அறையில் இருந்தது. தகவல் வந்தால் அது பீப் என்று கத்தும். திரையில் 'மூடி அசைந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், பக்கத்தில் எத்தனை தடவை என்று ஒரு எண். ஃபேன் ஓட்டுகிற பாலுசாமி என்டர் விசையை அமுக்கினால் கத்தல் நிற்கும். அமுக்கினால், நான் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். பார்த்தவர் போய் ஆளை வெளியே கூப்பிட வேண்டும்.

"ஏனுங்கக்கா, அந்த நேரத்துல கம்ப்யூட்டர் இல்லைன்னா? அப்புறமா வந்து பாத்தா தகவல் இருக்காதுங்களா?" என்று இப்போது ஹாரிகா கேட்கிறாள்.

இருக்காது. அது தபால் இல்லை, பெட்டியில் காத்துக்கிடக்க. கூப்பிடுகிற குரல் மாதிரி. காது கொடுக்க ஆள் இருந்தால் விழும்... இல்லையென்றால் அவ்வளவுதான்.

மில் மேனேஜர் பங்காரு. நாள் தவறாமல் ரவுண்டு வருவார். திங்கள் முதல் சனி வரை சுரங்க மூடியை யாரும் தொடுவதில்லை, அதனால் ஃபேன் அறைக் கம்ப்யூட்டர் ஆறு நாளும் சத்தமில்லாமல் இருக்கும். அப்படி இருப்பதுதான் அதன் வேலை. பங்காரு கண்ணுக்கு அது சும்மா கிடப்பதாகப் பட்டது. முதலாளி கோபாலசாமியின் பையன் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தான். பங்காரு அதைக் காரில் ஏற்றி, காரமடைத் தோட்டத்து பங்களாவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒரு சின்னப் பையன் கார் ரேஸ் ஓட்டுவதற்கு.

இரண்டு வாரம் கழித்துத் தல்ஹா மில்லுக்குப் போனபோது ஃபேன் அறையில் வெறும் மேசை. கேட்டான்.

"புதுசு சொல்லியாச்சுங்க தல்ஹா. ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார் பங்காரு.

"அதுவரைக்கும் யாரையும் கீழ எறக்க வேண்டாமுங்க."

"எறக்கமாட்டோமுங்க. நீங்க போங்க."

தல்ஹா போய்விட்டான். ஈரோட்டில் வேறொரு வேலை இருந்தது. அந்த இடத்திலேயே நின்று சண்டை போடாமல் வந்துவிட்டேனே என்று பிற்பாடு அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டதாகச் சித்திகா சொன்னாள்.

அடுத்த ஞாயிறு. காலை பதினொரு மணிக்குப் பங்காருவே வெங்கடலட்சுமியை உள்ளே இறங்கச் சொன்னார். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அம்மாவும் அவளும் மட்டும் இருக்கிற வீடு. இறங்கினாள். மத்தியானம் ஒரு லாரி பஞ்சுப் பொதி வந்தது. கூரைக்குக் கீழே இடமில்லை. பங்காரு கையைக் காட்டினார்... "அந்த மூடியப் போட்டுட்டு மேலயே அடுக்குங்க." தான் இறக்கிய ஆள் உள்ளே இருக்கிறாள் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. மறந்துபோய்விட்டதாம். கேட்டீர்களா?

நாலு மணிக்கு, ராத்திரி ஷிப்டுக்காகப் பாலுசாமி ஃபேனைப் போட்டார்.

விசாரணை வந்தது. பங்காரு எழுதிக் கொடுத்தார். முதலாளி கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார்கள் தெரியுமா? வெங்கடலட்சுமி அன்று வேலைக்கே வரவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திருட்டுத்தனமாக மில்லுக்குள் நுழைந்து, காரணம் தெரியவில்லை, சுரங்கத்தில் இறங்கினாள். பாலுசாமி கவனிக்காமல் ஃபேனைப் போட்டார். அந்த நிமிடமே உயிர் போய்விட்டது, வேதனை இல்லை. அவளுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைப் படித்துக் காட்டினார்கள். செத்தவளுக்குத் திருட்டுப் பட்டம். பாலுசாமி மேல் கேஸ். டேட்டாபேஸில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரிகூட இல்லை... ஆபீஸில் ஆளை விட்டு அழித்திருந்தார்கள்.

நாற்பது நாள் கழித்து பங்காருவிடமிருந்து தல்ஹாவுக்கு போன்.

"ஏனுங்க, பங்களாவுல இருக்கற கம்ப்யூட்டர் கத்துதுங்க. ரெண்டு ஞாயித்துக்கெழமையா. ராத்திரி ஒண்ணு இருபதுக்கு ஆரம்பிக்குது, நாலு மணிக்குத்தான் நிக்குது. வந்து என்னன்னு பாருங்க."

"வயர எடுத்துட்டீங்களா?"

"வயரா... அதுக்கு ஏதுங்க வயரு? மில்லு ஆறு மைலு. உங்க புரோகிராமக்கூட பையன் எப்பவோ அழிச்சுப்போட்டான். ப்ளக்கையும் புடுங்கியாச்சுங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் கத்துதுங்க."

தல்ஹாவுக்கு அந்த நேரம்தான் உறுத்தியது. ஒன்று இருபது. அது எங்கிருந்து வந்தது? மில்லின் எல்லா வரிகளும் தினமும் மாலை ஆறு மணிக்கு இன்னொரு டிஸ்கில் பிரதியாகிவிடும்படி அவன் வைத்திருந்தான். அழித்தவர்களுக்கு அது தெரியாது. சனிக்கிழமை போய் அந்தப் பிரதியைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது. பதினொன்று ஐந்து, மூடி திறந்தது. ஒன்று பத்து, மூடி விழுந்தது. ஒன்று இருபது, மூடி அசைந்தது... அசைந்தது... அசைந்தது. கடைசி வரி நாலு மணி. அசைவுகளை மட்டும் எண்ணினான். அறுபத்தொன்று.

அவள் கீழே இருந்து தள்ளியிருக்கிறாள். மூடி மேல் அடுக்கிய நாலு பொதியின் பாரத்தை, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், நூலளவு நூலளவாக. ஒவ்வொரு தள்ளலுக்கும் டேட்டாபேஸ் ஒழுங்காகத் தகவல் அனுப்பியிருக்கிறது. கேட்க அங்கே ஒரு வெறும் மேசை. பங்களாவில் பையன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

தல்ஹா அதை அச்சடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாளோடுதான் அவன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சோளக்காட்டு வழியே போனது.

பங்களாவில் மூன்றே பேர். கோபாலசாமி, பங்காரு, இவன். பையனையும் வீட்டுப் பெண்களையும் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் மேசை மேல் அந்தக் கம்ப்யூட்டர். திரை கறுப்பாக இருந்தது. ப்ளக் தரையில் கிடந்தது. தல்ஹா அதைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டான்.

"போன வாரம் இதக் கார்ல ஏத்தி அனுப்பினேனுங்க தம்பி" என்றார் கோபாலசாமி. "பாதி வழியில டிரைவர் திரும்பக் கொண்டாந்து வெச்சுட்டான். ஏண்டான்னு கேட்டா பேச மாட்டேங்கறான். வேலையே வேண்டாமுன்னு ஊட்டுக்குப் போயிட்டான்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டரை... ஒன்று... வெளியே நாய் கூடக் குரைக்கவில்லை. ஒன்று பதினைந்துக்கு ஒரு வாசம் வந்தது. ஈரப் பஞ்சும் சூடான மெஷின் எண்ணெயும் கலந்தது. மில்லில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். மழைக்காலத்துச் சுரங்கத்து வாசம். பங்காரு துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஒன்று இருபது.

திரையில் வெளிச்சம் வந்தது. ப்ளக் தரையில்தான் இருந்தது.

பீப்.

'மூடி அசைந்தது. 1.'

அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். லேசாக... இரும்பு இரும்பில் இடிக்கிற மாதிரி. டங்.

தல்ஹா பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். அந்தத் திரை வெளிச்சத்திலேயே படித்தான்.

"ஒண்ணு இருபத்தி ஒண்ணு" என்றான்.

பீப். 2.

"அதே நிமிஷம், இன்னொண்ணு."

பீப். 3.

"ஒண்ணு இருபத்தி ரெண்டு."

பீப்.

அவன் முதலில் படிப்பான். அது பிறகு கத்தும். ஒரு வரிகூடத் தப்பவில்லை. முதல் பத்து நிமிடம் அடுக்கடுக்காக வந்தது. அப்புறம் மூன்று மூன்றாக. மூன்று... ஒரு நிறுத்தம்... மூன்று. மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுகிறவளின் கணக்கு அது.

"இது என்ன தாளுங்க?" என்றார் பங்காரு.

"நீங்க அழிச்ச ஞாயித்துக்கெழமைங்க."

பங்காரு எழுந்து வாசல் வழியே வெளியே போய்விட்டார். முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப எறங்கினாங்கன்னு கையெழுத்துப் போட்டீங்களே, படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?" என்றான் தல்ஹா.

கோபாலசாமி தாளிலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்த்தார். பீப். 18.

"போதுமுங்க தம்பி. நிறுத்துங்க."

"இன்னும் நாப்பத்தி மூணு இருக்குதுங்க."

இரண்டு நாற்பதுக்குச் சத்தம் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து. ஹாலில் சுவர்க் கடிகாரம் மட்டும். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தார், அன்றைக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து.

"உக்காருங்க" என்றான் தல்ஹா. "கொஞ்ச நேரம் முடியாம ஒக்காந்திருக்காங்க. மூணு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மறுபடியும் எந்திரிப்பாங்க."

கோபாலசாமி உட்கார்ந்தார். தல்ஹா தாளின் அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு... பீப்.

அந்தப் பெரிய மனிதர் அப்போது அழுதார் என்று தல்ஹா சொன்னானாம். எனக்கு இரக்கம் வரவில்லை. யாருக்காவது வந்தால் வரட்டும். அவளுடைய அம்மாவிடம் திருட்டுப் பட்டத்தைப் படித்துக் காட்டியபோது அவர் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லையே.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கோபாலசாமி தாமாகவே விசாரணை அதிகாரியிடம் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். நாங்கள்தான் இறக்கினோம், நாங்கள்தான் மூடினோம், இரண்டே முக்கால் மணி நேரம் உயிரோடு இருந்தாள் என்று. பாலுசாமி மேல் இருந்த கேஸ் போனது. பங்காரு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டே போய்விட்டார். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அம்மா தன் மகளைத் திருட்டுக்காரி என்று எழுதிய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாள். முதலாளி பேய்க்குப் பயந்து மாற்றினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெறும் சத்தத்துக்கு அவர் மசிந்திருக்க மாட்டார். இரண்டு வாரம் அதைக் கேட்டுவிட்டுத்தானே மெக்கானிக்கைக் கூப்பிடுகிற மாதிரி தல்ஹாவைக் கூப்பிடச் சொன்னார்? நடந்தது வேறு. அதைத் தல்ஹா ஒருவன்தான் பார்த்தான்.

மூன்று நாற்பது இருக்கும். எண் ஐம்பத்தைந்து. இடைவெளி நீண்டுகொண்டே போனது. டங் என்ற அந்த அடிச் சத்தமும் தேய்ந்துகொண்டே போனது... காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"இத எப்படித்தான் நிறுத்தறது? சொல்லுங்க தம்பி" என்றார் கோபாலசாமி.

"என்டர அமுக்குனா நிக்குமுங்க. பாத்துட்டேன்னு அர்த்தம். அதுக்குத்தான் அத வெச்சேன்."

"அப்ப அமுக்குங்க."

"நான் அந்த வெறும் மேசையப் பாத்துட்டுக் கம்முனு வந்தவனுங்க. நான் அமுக்க மாட்டேன். நீங்க அமுக்குங்க."

கோபாலசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலை விசை மேல் வைத்தார். அமுக்கினார்.

விசை இறங்கவில்லை.

அழுத்தி அமுக்கினார். விரல் நகம் வெளுத்தது. இறங்கவில்லை. தல்ஹாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளங்கையை வைத்தார். இன்னொரு கையையும் மேலே வைத்தார். தொண்ணூறு கிலோ மனிதர்... எழுந்து நின்று, முழு உடம்பையும் சாய்த்து அமுக்கினார். மேசை கிறீச்சிட்டது.

பீப். 57.

அவர் கை மேலே எழும்பியது. நூலளவு.

"தம்பி" என்றார். உதடு மட்டும் அசைந்தது. "கீழ இருந்து தள்ளுதுங்க."

கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க வரவில்லை. பீப்... நூலளவு. பீப்... நூலளவு. அவர் உள்ளங்கைக்கு அடியில், அந்தச் சின்ன விசைக்கு அடியில், யாரோ இரண்டு கையாலும் தலையாலும் முட்டிக்கொடுத்துத் தூக்குகிற பலம். அவர் அழுத்தவே இல்லை இப்போது. அவருடைய பாரம்தான் மேலே இருந்தது.

"எந்திரிச்சுக்கோ தாயி... எந்திரிச்சுக்கோ" என்று அவர் முனகியதைத் தல்ஹா கேட்டான்.

நாலு மணி. அறுபத்தொன்று. விசை மறுபடி நூலளவு மேலே வந்தது. ஒரு விநாடி அப்படியே நின்றது... நடுங்கியது. பிறகு அடியில் இருந்த பலம் விட்டுப்போய், அவர் கைக்குக் கீழே மெதுவாக இறங்கிவிட்டது.